மழைமானிக்கு ஒன்று, அணைக்கு ஒன்று: ஆர் மொழியில் எந்த லூப்பை எழுதுவது?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவி போன மாதம் மடிக்கணினியோடு பாளையங்கோட்டைக்கு வந்திருந்தார். மலைமேல் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலையில் தொடங்கி, ஆற்றோடு இறங்கி, காயல்பட்டினக் கடற்கரை வரை பன்னிரண்டு மழைமானிகள். ஒவ்வொன்றுக்கும் முப்பது ஆண்டுத் தினசரி மழையளவு. கூடவே பாபநாசம் அணையின் வரத்து, திறப்பு, நீர்மட்டம். மழைக் கணக்கு மட்டும் சுமார் 1,31,000 வரிகள்.

“சார், ஃபார் போட்டு ராத்திரி ஓட விட்டேன். காலையில எந்திரிச்சுப் பாத்தாலும் ஓடிட்டே இருக்கு. ஃபார் போடுததே தப்புன்னு சொல்லுதாங்க. அதனால எஸ்அப்ளைக்கு மாத்தினேன். சீக்கிரம் முடிஞ்சுட்டு. ஆனா வந்த விடை வேற மாதிரி இருக்கு. இதுல எதை நம்ப?”

ஃபார், எஸ்அப்ளை, மேப் எல்லாம் ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியின் லூப் முறைகள், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் வழிகள். இதே கேள்வி வேறு வேறு வாய்வழியாக எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. விளைச்சல் கணக்கு பார்க்கும் நண்பர் ஒருவர், “அண்ணாச்சி, சுத்தி வளைக்காம ஒண்ணு சொல்லுங்க, ஃபாரா மேப்பா?” என்று கேட்டார். ஒன்று என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எதை எப்போது எடுப்பது என்பதைத் தெளிவாகவே சொல்லலாம். அதற்கான விடை அந்த மாணவியின் கோப்புகளுக்குள்ளேயே இருந்தது. ஊத்தின் ஆண்டு மழையைக் கூட்டும்போது மாஞ்சோலைக் கோப்பைத் திறக்கவே வேண்டாம். ஆனால் அணையில் இன்றைய இருப்பைக் கணக்கிட நேற்றைய இருப்பு கையில் இருந்தாக வேண்டும். லூப்பைத் தேர்ந்தெடுப்பதில் முக்கால் பங்கு இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டுகொள்வதுதான் என்று நம்புகிறேன்.

கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

பலரும் முதலில் கேட்பது வேகத்தை. நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். என் வரிசை இது.

முதலாவது, ஒரு சுற்றின் விடை அடுத்த சுற்றுக்குத் தேவைப்படுகிறதா? இதற்கு விடை தெரிந்தாலே பாதித் தேர்வுகள் தானாக விலகிவிடும்.

இரண்டாவது, விடை என்ன வடிவத்தில் வெளியே வரும் என்பது முன்கூட்டியே உறுதியா? எண்களின் வெக்டர் (ஒரே வகை மதிப்புகளின் வரிசை) வருமென்று நினைத்த இடத்தில் லிஸ்ட் (எந்த வகையையும் அடைக்கும் தொகுப்பு) வந்து நின்றால், தவறு அங்கே தெரியாது. ஐம்பது வரி தள்ளி, சம்பந்தமே இல்லாத இடத்தில்தான் வெடிக்கும்.

மூன்றாவது, நடுவில் ஒரு கோப்பு கெட்டிருந்தால் என்ன ஆகும்? நம் ஊர் மழைப் பதிவேடுகளில் விடுபட்ட நாள் இல்லாத ஆண்டே கிடையாது. சில இடங்களில் மழை இல்லாத நாளுக்கும் கோடு, அளவெடுக்காத நாளுக்கும் கோடு. முன்னது சுழியம், பின்னது என்ஏ, அதாவது மதிப்பு இல்லை என்ற குறி. இந்த வேறுபாட்டைக் காப்பாற்றுகிற முறைதான் நல்ல முறை.

நான்காவது, யார் வாசிக்கப் போகிறார்கள்? வழிகாட்டிப் பேராசிரியர், அடுத்து வரும் மாணவர், ஆறு மாதம் கழித்து நீங்களே.

ஐந்தாவதுதான் வேகம்.

## முழு நெடுவரிசைக்கும் ஒரே கணக்கு

லூப்பே எழுதாமல் முடிகிற வேலைக்கு லூப் எழுத வேண்டாம். பழைய பதிவேட்டில் மழை அங்குலத்தில் இருக்கிறது, மில்லிமீட்டராக்க வேண்டும். நெடுவரிசையை 25.4 ஆல் பெருக்கினால் 1,31,000 வரிகளும் ஒரே வரிக் கட்டளையில் மாறிவிடும். பாபநாசத்தின் 143 அடி, சேர்வலாற்றின் 156 அடி, மணிமுத்தாற்றின் 118 அடி எல்லாவற்றையும் மீட்டராக்க 0.3048 ஆல் பெருக்குவதும் அப்படித்தான். ஆர் மொழியில் தனி எண் என்று ஒன்றே இல்லை. ஒற்றை எண்ணும் நீளம் 1 உள்ள வெக்டர்தான். மொழி பிறந்த விதமே இது என்பதால், இந்த நடையில் எழுதும்போது கோட் சுருக்கமாகவும் வேகமாகவும் அமைகிறது. உள்ளே சுற்று நடக்காமல் இல்லை. அது சி மொழியில் நடக்கிறது, நம் கண்ணில் படுவதில்லை.

இதற்கும் மறைந்த செலவுகள் உண்டு. முதல் செலவு, நீளம் பொருந்தாதபோது ஆர் செய்கிற வேலை. 12 மழைமானிகளின் வெக்டரோடு 4 திருத்தக் காரணிகள் உள்ள வெக்டரைப் பெருக்கினால், அந்த நான்கையும் மூன்று முறை திரும்பத் திரும்பப் போட்டு நிரப்பிக்கொள்ளும். 12 என்பது 4-இன் மடங்கு என்பதால் எச்சரிக்கைகூட வராது. மடங்காக இல்லாவிட்டால்தான் எச்சரிக்கும்.

இரண்டாவது, மின் என்பதையும் பிமின் என்பதையும் மாற்றிப் போடுவது. நாள்வாரியாகச் சிறியதை எடுக்க பிமின் வேண்டும். மின் போட்டால் முப்பது ஆண்டுக்கும் சேர்த்து ஒரே ஓர் எண் வரும். அதை ஆர் மேலே சொன்ன முறையிலேயே எல்லா வரிக்கும் நிரப்பிவிடும். எரர் வராது.

மூன்றாவது, நிபந்தனையைப் பார்த்து ஒவ்வொரு வரிக்கும் இரண்டில் ஒரு மதிப்பைத் தரும் இஃப்எல்ஸ். இது என்ஏ-வை என்ஏ-வாகவே கடத்தும், அது நல்லது. ஆனால் தேதி நெடுவரிசையை இதற்குள் அனுப்பினால் தேதித் தன்மை உதிர்ந்து வெறும் எண்ணாக வெளியே வரும். இன்னொன்று: இஃப் வேறு, இஃப்எல்ஸ் வேறு. இஃப்புக்குள் ஒரு முழு நெடுவரிசையைக் கொடுத்தால், முன்பெல்லாம் முதல் உறுப்பை மட்டும் பார்த்துவிட்டு எச்சரிக்கையோடு நகர்ந்துவிடும். 2022-இல் வந்த 4.2.0 பதிப்பிலிருந்து அது நேராக எரர். பழைய மடிக்கணினியில் ஓடிய கோட் புதியதில் நிற்கிறதென்றால் இதையும் பாருங்கள். நின்றது நல்லதுக்குத்தான், அதுவரை தவறான விடையோடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

எப்போது இதுவே சிறந்தது: ஒவ்வொரு வரிக்கும் ஒரே கணக்கு, வரிகளுக்குள் சார்பு இல்லை, அந்தக் கணக்கை ஆரின் உள்ளமைந்த ஃபங்ஷன்களால் சொல்ல முடியும் என்றால்.

## ஃபார் லூப்

ஃபார் மெதுவானது என்ற பேச்சுக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. ஆர் வரிக்கு வரி பொருள்பிரித்து இயங்கும் மொழி. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கட்டளையையும் புதிதாகப் பிரித்துப் பார்க்கும். 2011-இல் 2.13.0 பதிப்போடு, கட்டளைகளை முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்ளும் பைட்கோட் கம்பைலர் சேர்ந்தது. 2017-இல் 3.4.0 வந்தபோது அது தானாகவே இயங்கத் தொடங்கியது. இன்று சாதாரண ஃபார் லூப்புக்கும் எல்அப்ளைக்கும் வேகத்தில் பெரிய இடைவெளி கிடையாது. எல்அப்ளையும் உள்ளே உங்கள் ஃபங்ஷனை ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு முறை கூப்பிடத்தான் செய்கிறது.

அப்படியானால் அந்த மாணவியின் கோட் ஏன் விடிய விடிய ஓடியது? குற்றம் ஃபாரிடம் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் விடையை ஆர்பைண்ட் மூலம் பழைய டேட்டா ஃபிரேமின் (அட்டவணையின்) அடியில் ஒட்டியிருந்தார். ஒட்டுவது என்றால் ஏற்கெனவே இருப்பது அத்தனையையும் புதிய இடத்துக்குப் பிரதியெடுத்து, அதன் கீழே ஒரு வரி சேர்ப்பது. 10,000 வரிகளை இப்படி ஒவ்வொன்றாக ஒட்டினால், நடுவில் பிரதியெடுக்கப்படுவது ஏறத்தாழ 5 கோடி வரிகள். 1,31,000 வரிக்கு அது 850 கோடியைத் தாண்டிவிடும். பத்து மூட்டை நெல்லை அறைக்குள் அடுக்கும்போது, ஒவ்வொரு புது மூட்டைக்கும் பழைய மூட்டைகளை எல்லாம் அடுத்த அறைக்குத் தூக்கிப்போய் மறுபடி அடுக்குவதுபோல.

மருந்து எளிது. விடைக்கு வேண்டிய இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, லூப்புக்குள் அந்தந்த இடத்தை நிரப்புங்கள். விடை ஒவ்வொன்றும் ஒரு சிறு அட்டவணை என்றால், ஒரு லிஸ்ட்டில் போட்டு வைத்துவிட்டு, லூப் முடிந்த பிறகு டூ.கால் வழியாக ஒரே ஒரு முறை ஆர்பைண்ட் செய்யுங்கள். அவருடைய கோட்டில் இந்த ஒன்றை மட்டும் மாற்றினோம். தேநீர் ஆறும் முன் முடிந்தது.

ஃபார் கச்சிதமாகப் பொருந்துகிற இடத்துக்கு வருவோம். அணையின் இருப்பு.

நேற்றைய இருப்போடு இன்றைய வரத்தைக் கூட்டி, திறப்பைக் கழித்தால் இன்றைய இருப்பு. இதுவரை மட்டும் என்றால் கம்சம் என்ற குவிகூட்டலே போதும். ஆனால் அணைக்கு விளிம்பு உண்டு. கொள்ளளவை மீறிய நீர் மறுகால் பாய்ந்து போய்விடும். மறுநாள் திரும்பி வராது. ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். கொள்ளளவு 100, இருப்பு 90. முதல் நாள் நிகர வரத்து 30, மறுநாள் நிகர இறக்கம் 20. உண்மையில் முதல் நாள் 100-இல் நின்று 20 வழிந்துவிடும், மறுநாள் 80. கம்சம் போட்டு, அதன் பிறகு பிமின் வைத்து 100-இல் வெட்டினால்? குவிகூட்டல் 120, 100. வெட்டிய பின் 100, 100. இரண்டாம் நாளில் இல்லாத 20 அளவு நீர் அணையில் இருப்பதாகக் காட்டும். வழிந்துபோன தண்ணீரைக் கணக்கு இன்னும் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு வடகிழக்குப் பருவத்தில் இப்படிப் பத்து முறை நடந்தால், அடுத்த கோடையில் கார் சாகுபடிக்கு எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும்.

ஃபாரில் இதை எழுதினால் யார் பார்த்தாலும் புரியும்:

```
இருப்பு <- நியூமெரிக்(நாட்கள்)
இருப்பு[1] <- தொடக்கம்
ஃபார் (நா இன் சீக்_லென்(நாட்கள்)[-1]) {
  இன்று <- இருப்பு[நா - 1] + வரத்து[நா] - திறப்பு[நா]
  இருப்பு[நா] <- மின்(மேக்ஸ்(இன்று, 0), கொள்ளளவு)
}
```

2:நாட்கள் என்று எழுதாமல் சீக்_லென் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஒரு நாள் உள்ள கோப்பு வந்தால் 2:1 என்பது 2, 1 என்று பின்னோக்கி எண்ணத் தொடங்கிவிடும். இதே வலைதான் 1:லெங்த்(எக்ஸ்) என்று எழுதுவதிலும். எக்ஸ் காலியாக இருந்தால் லூப் ஒருமுறைகூட ஓடக்கூடாது; ஆனால் 1:0 என்பது 1, 0 என்று இரண்டு முறை ஓடும். சீக்_அலாங்(எக்ஸ்) எழுதிப் பழகுங்கள். 1:என்-1 என்பதும் ஆபத்தானது. கழித்தலுக்கு முன் இருபுள்ளி முந்திக்கொள்வதால் 0-இலிருந்து என்-1 வரை வரும். அடைப்புக்குறி போட்டே ஆக வேண்டும்.

தேதிகளின் மேல் நேராக ஃபார் ஓட்டினால் தேதி எண்ணாகிவிடும். 2023 டிசம்பர் 17 என்று எதிர்பார்த்த இடத்தில் 19708 நிற்கும். 1970 ஜனவரி 1-இலிருந்து கடந்த நாட்களின் எண்ணிக்கை அது. இதனாலும் வரிசை எண்ணின் மேல் ஓட்டி, உள்ளே தேதிகள்[நா] என்று எடுப்பதே நல்லது.

லூப்புக்குள் ஒரு பெயரை மட்டும் எழுதினால் திரையில் எதுவும் வராது. பிரிண்ட் போட வேண்டும். ஜிஜிபிளாட் வரைபடமும் அப்படியே. “பன்னிரண்டு படமும் வரலையே சார்” என்று கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பதில். லூப் முடிந்த பிறகும் எண்ணும் மாறி கடைசி மதிப்போடு வெளியே உட்கார்ந்திருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஃபாரின் இன்னொரு பலமே அதன் இன்னொரு ஆபத்தும்: நெக்ஸ்ட் (இந்தச் சுற்றைத் தாண்டு), பிரேக் (லூப்பையே நிறுத்து). 500 மி.மீ.க்கு மேல் ஒரு நாள் மழை இருந்தால் தட்டச்சுப் பிழை என்று எண்ணி, அந்த மாணவி நெக்ஸ்ட் போட்டுத் தாண்டியிருந்தார். சாதாரண ஆண்டில் நியாயமான எண்ணம்தான். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அந்த நெக்ஸ்ட், தாமிரபரணிக் கரை மறக்க முடியாத அந்த நாளைச் சத்தமில்லாமல் துடைத்துவிட்டது. வெள்ளத்தைப் பற்றிய ஆய்வில் வெள்ளமே இல்லை. தாண்டுவதென்றால், எந்தக் கோப்பில் எந்த நாளைத் தாண்டினோம் என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டுத் தாண்டுங்கள்.

எப்போது இதுவே சிறந்தது: முந்தைய சுற்று அடுத்த சுற்றைத் தீர்மானிக்கும்போது, நடுவில் நிறுத்த வேண்டியிருக்கும்போது, கரண்ட் போய் நின்றால் நின்ற இடத்திலிருந்து தொடர வேண்டியிருக்கும்போது, மொழிக்குப் புதியவர் வாசிக்கப் போகும்போது.

முந்தைய விடையைக் கையிலேந்திச் செல்லும் ரெடியூஸ் என்ற ஃபங்ஷனும் அணைக் கணக்கைச் செய்யும். அக்யூமுலேட் என்ற தேர்வை இயக்கினால் ஒவ்வொரு நாளின் இருப்பும் கிடைக்கும். பழகியவர்களுக்கு அழகு. ஆனால் வழிகாட்டியும் தேர்வாளரும் படிக்கிற ஆய்வேட்டில் நான் ஃபாரையே வைப்பேன்.

## அப்ளை குடும்பம்

இந்தக் குடும்பத்தில் நால்வரைத் தெரிந்தால் போதும். நால்வரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

எல்அப்ளை நேர்மையானது. பன்னிரண்டு கோப்பு கொடுத்தால் பன்னிரண்டு உறுப்புள்ள லிஸ்ட் தரும், எப்போதும். விடைக்கு இடம் ஒதுக்கும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஃபாரில் புதியவர்கள் செய்கிற ஒட்டும் தவறு இங்கே நடக்கவே வழியில்லை. ஒரு ஃபங்ஷனை எழுதி, ஒரு கோப்பில் சோதித்து, பிறகு எல்லாவற்றுக்கும் அனுப்பும் பழக்கமும் இதனால் வருகிறது. அந்தப் பழக்கம் வேகத்தைவிடப் பெரிய லாபம்.

எஸ்அப்ளைதான் மாணவியைக் குழப்பியது. விடையைச் சுருக்கித் தருவதாகச் சொல்லி, வருகிறதைப் பார்த்து வடிவத்தை மாற்றும். எல்லா விடையும் ஒற்றை எண் என்றால் வெக்டர். எல்லாம் ஒரே நீளம் என்றால் மேட்ரிக்ஸ், அதாவது வரியும் நெடுவரிசையுமான கட்டம். நீளம் வேறுபட்டால் லிஸ்ட். உள்ளீடே காலி என்றால் காலி லிஸ்ட். அவருடைய பன்னிரண்டு கோப்புகளில் ஒன்றில் தலைப்பு வரி மட்டும் இருந்தது. உள்ளே ஒரு நாள்கூட இல்லை. அதிக மழை பெய்த நாளைக் கேட்ட ஃபங்ஷன் அந்தக் கோப்புக்கு நீளம் 0 உள்ள விடையைத் தந்தது. அவ்வளவுதான், எண்களின் வெக்டராக வர வேண்டியது லிஸ்ட்டாக மாறிவிட்டது. திரையில் தட்டிப் பார்க்க எஸ்அப்ளை நல்லது. சேமித்து வைத்து மறுபடி ஓட்டும் கோட்டில் அதை எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அந்த இடத்தில் விஅப்ளை எழுதுங்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரே ஓர் எண் தர வேண்டும் என்று முன்கூட்டியே அச்சு கொடுக்கிறோம்:

```
ஆண்டுமழை <- விஅப்ளை(கோப்புகள், மொத்தமழை, நியூமெரிக்(1))
```

ஒரு கோப்பு வேறு ஏதாவது தந்தால் அங்கேயே எரர் சொல்லி நின்றுவிடும். அதிக மழை நாளைக் கேட்ட இடத்தில் இதை எழுதியிருந்தால், காலிக் கோப்பை அன்று இரவே காட்டிக் கொடுத்திருக்கும்.

வெறும் அப்ளை மேட்ரிக்ஸுக்கு உரியது. அதை டேட்டா ஃபிரேமின் மேல் வரிவரியாக ஓட்டுவது பரவலான பழக்கம், கெட்ட பழக்கம். அது முதலில் டேட்டா ஃபிரேமை மேட்ரிக்ஸாக மாற்றும். மேட்ரிக்ஸில் ஒரே வகைதான் இருக்க முடியும். மழைமானியின் பெயர் என்று ஓர் எழுத்து நெடுவரிசை இருந்தாலே, அத்தனை எண்களும் எழுத்தாகிவிடும். கூட்டினால் எரர் வரும், பிழைத்தோம். ஒப்பிட்டால் எரர் வராது. எண் மதிப்பை விட்டு எழுத்து வரிசையில் ஒப்பிட்டு ஏதோ ஒரு விடை தரும். வரிக் கூட்டல் வேண்டுமென்றால் எண் நெடுவரிசைகளை மட்டும் பிரித்து ரோசம்ஸ் போடுங்கள்.

குடும்பத்துக்கே பொதுவான குறை, நடுவில் பிரேக் போட முடியாது. நேற்றைய விடையும் கைக்கு எட்டாது. எட்ட வைக்க இரட்டை அம்பு போட்டு வெளி மாறியை உள்ளிருந்து மாற்றுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யத் தோன்றினால், நீங்கள் எழுத வேண்டியது ஃபார் என்று பொருள்.

## பர் பேக்கேஜின் மேப்

மேப் செய்வது எல்அப்ளை செய்வதேதான். கூடுதலாகக் கிடைப்பது ஒழுங்கு. மேப் என்றால் லிஸ்ட். மேப்_டிபிஎல் என்றால் எண்களின் வெக்டர், இல்லாவிட்டால் எரர். மேப்_சிஎச்ஆர் என்றால் எழுத்து. பெயரைப் பார்த்தாலே என்ன வரும் என்று தெரிகிறது. விஅப்ளையின் கண்டிப்பு, வாசிக்க இன்னும் எளிது.

கெட்ட கோப்புகளைக் கையாள்வதில் இதற்கு இணை குறைவு. பாசிப்ளி என்பதில் உங்கள் ஃபங்ஷனைச் சுற்றிக் கொடுத்தால், எரர் வந்த கோப்புக்கு, என்ஏ போல நீங்கள் சொல்லிவைத்த மாற்று மதிப்பைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். சேஃப்லி என்றால் விடையையும் எரர் செய்தியையும் இரண்டாகப் பிரித்துத் தரும். ஃபாரில் இதற்கு, எரரைப் பிடித்துக் கையாளும் டிரைகேட்ச் எழுத வேண்டும். முடியும், ஆனால் கோட்டில் பாதி அதுவாகவே ஆகிவிடும். 2022 டிசம்பரில் வந்த 1.0.0 பதிப்பிலிருந்து, எத்தனையாவது உறுப்பில் தவறியது என்பதையும் எரர் செய்தியிலேயே சொல்கிறது. இருநூறு கோப்பு வைத்திருப்பவருக்கு இது பெரிய உதவி.

செலவு என்னவென்றால், இது ஆரோடு சேர்ந்து வராது. தனியே நிறுவ வேண்டும். இணையம் சரியாக இல்லாத ஆய்வகக் கணினியில் இதுவே முதல் தடை. பேக்கேஜ்கள் நடையை மாற்றிக்கொண்டும் இருக்கும். மேப்_டிஎஃப்ஆர் என்று பலரும் கற்றதை, அதே 1.0.0 பதிப்பு பின்னுக்குத் தள்ளிவிட்டது. மேப் செய்து பிறகு லிஸ்ட்_ஆர்பைண்ட் செய்யுங்கள் என்கிறது. பழையது இன்னும் ஓடுகிறது, ஆனால் புதிய பாடங்களில் இருக்காது. அலைக்குறி போட்டு எழுதும் குறுக்கு ஃபங்ஷனும் அப்படியே. 2021-இல் ஆர் 4.1.0 தன் சொந்தக் குறுக்கு வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டதால், புதிதாகக் கற்கிறவர்கள் அதையே கற்பது நல்லது.

எப்போது இதுவே சிறந்தது: பல கோப்புகள், ஒன்றுக்கொன்று சார்பில்லை, சில கெட்டிருக்கும் என்று தெரியும், நீங்கள் ஏற்கெனவே டைடிவர்ஸ் (பர் உள்ளிட்ட பேக்கேஜ்களின் தொகுப்பு) நடையில் எழுதுகிறீர்கள்.

## ஒயில், ரிப்பீட்

எத்தனை சுற்று என்று முன்கூட்டித் தெரியாதபோது மட்டும். மதிப்பு மாறாமல் நிலைக்கும்வரை திரும்பக் கணக்கிடுவது போன்ற வேலைகளுக்கு. அதிகபட்சச் சுற்று என்று ஒரு வரம்பு வைக்காமல் எழுதவே எழுதாதீர்கள். நிபந்தனையில் என்ஏ வந்துவிட்டால் எரரோடு நிற்கும், இஃப்பும் அப்படித்தான்.

## ஒரே பார்வையில்

| முறை | சுற்றுகளுக்குள் சார்பு இருந்தால் | விடையின் வடிவம் | கெட்ட கோப்பு வந்தால் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| நெடுவரிசைக் கணக்கு | கம்சம் போன்ற சிலவற்றில் மட்டும் | உள்ளீட்டின் நீளமே | என்ஏ அப்படியே கடக்கும் | நீளம் பொருந்தாவிட்டாலும் நிரப்பிக்கொள்ளும் |
| ஃபார் | பொருந்தும் | நாம் ஒதுக்கியதே | நிற்கும். எந்தச் சுற்று என்று தெரியும் | ஒட்டி வளர்த்தால் மிக மெதுவு. தேதி எண்ணாகும் |
| எல்அப்ளை | பொருந்தாது | எப்போதும் லிஸ்ட் | நிற்கும். அதுவரை கிடைத்த விடையும் போகும் | நடுவில் நிறுத்த முடியாது |
| எஸ்அப்ளை | பொருந்தாது | மாறும் | நிற்கும். காலிக் கோப்பு என்றால் வடிவம் மாறும் | தவறு வெகு தொலைவில் தெரியும் |
| விஅப்ளை | பொருந்தாது | நாம் கொடுத்த அச்சு | உடனே நிற்கும் | அச்சு எழுதும் சிறு உழைப்பு |
| மேப் வகைகள் | பொருந்தாது. அதற்கு அக்யூமுலேட் உண்டு | பெயரிலேயே இருக்கும் | பாசிப்ளி, சேஃப்லி | தனிப் பேக்கேஜ், மாறும் நடை |

அட்டவணையில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். “ஒவ்வொரு மழைமானிக்கும், ஒவ்வொரு ஆண்டுக்கும், ஒவ்வொரு பருவத்துக்கும்” என்று ஃபாருக்குள் ஃபாருக்குள் ஃபார் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது லூப்புக்குரிய வேலையே இல்லை, குழுவாரியாகப் பிரித்துக் கூட்டும் வேலை. அக்ரிகேட் அல்லது டிஅப்ளை, டைடிவர்ஸில் குரூப்_பை, சம்மரைஸ். தென்மேற்குப் பருவ மழையையும் வடகிழக்குப் பருவ மழையையும் மழைமானிவாரியாகப் பிரிக்க ஒரு வரி போதும். மூன்று அடுக்கு லூப்பில் அடைப்புக்குறி தவறிய இடத்தைத் தேடி ஒரு பகலைச் செலவழிக்க வேண்டாம்.

## அந்த ஆய்வில் கடைசியில் எதை எங்கே வைத்தோம்

அங்குலத்தை மில்லிமீட்டராக்கும் பகுதி நெடுவரிசைக் கணக்கு. பன்னிரண்டு கோப்புகளைப் படிப்பது எல்அப்ளை. அவருடைய ஆய்வகக் கணினியில் பர் இல்லை, அதற்காக அதை நிறுவச் சொல்லவில்லை. ஒவ்வொரு கோப்பிலும் எத்தனை நாள் விடுபட்டது என்ற எண்ணிக்கை விஅப்ளை. பருவவாரிக் கூட்டல் அக்ரிகேட். அணை இருப்பு மட்டும் ஃபார், மேலே காட்டிய வரிகளோடு. 500 மி.மீ. வரம்பை எடுத்துவிட்டு, அதற்கு மேற்பட்ட நாட்களைத் தனியே ஒரு பட்டியலாக எழுதச் செய்தோம். பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றைக் கண்ணால் சரிபார்க்க வேண்டியது அவர் வேலை.

மழைமானி காலை 8.30 மணிக்கு அளக்கப்படுவதால், 18-ஆம் தேதி வரியில் உள்ள மழையில் பெரும்பகுதி 17-ஆம் தேதியே பெய்தது. அணை வரத்தோடு பொருத்தும்போது இந்த ஒரு நாள் நகர்வைப் பார்க்க வேண்டும் என்றேன். “அதுக்கும் ஃபார் போடணுமா சார்?” என்றார். வேண்டாம். நெடுவரிசையை ஓர் இடம் தள்ளினால் போதும். ஆனால் தேதி விடுபட்ட இடங்களில் முதலில் என்ஏ வரியை நுழைத்து நாள்காட்டியை நிறைவாக்கிவிட்டுத்தான் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் தள்ளியதாக நினைத்த இடத்தில் ஒரு வாரம் தள்ளியிருக்கும்.

கிளம்பும்போது கணினியின் எல்லாக் கோர்களையும் (செயலியின் தனித்தனி அலகுகளையும்) பயன்படுத்தினால் இன்னும் வேகமாகுமா என்று கேட்டார். பாரலல் பேக்கேஜ் 2011-இலிருந்து ஆரோடே வருகிறது. ஒன்றையொன்று சாராத எல்அப்ளை வேலைகளை அப்படியே பார்எல்அப்ளைக்கு மாற்றலாம். எம்சிஎல்அப்ளை இன்னும் எளிது, ஆனால் அவருடைய விண்டோஸ் கணினியில் அது வேலையைப் பிரிக்காது. அணைக் கணக்கை இரண்டிலும் பிரிக்க முடியாது. இன்றைய இருப்பை நேற்றையது தெரியாமல் எந்தக் கோரும் சொல்லாது. பன்னிரண்டு கோப்புக்கு இதெல்லாம் தேவையே இல்லை என்று சொல்லி அனுப்பினேன். மாநிலம் முழுக்க மழைமானிகளை எடுக்கும்போது வரச் சொல்லியிருக்கிறேன்.